டீசல் போட்டாச்சா?

எங்கள் வண்டிக்கு என்ன வயது என்று யாராவது கேட்டால் என் வீட்டுக்காரர் குறைத்துத்தான் சொல்வார். வேறொருவர் ஓட்டிச் சலித்த பிறகு எங்களிடம் வந்த டீசல் பிக்கப் அது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது வாங்கினோம். நெல் மூட்டை, கரும்புக் கரணை, கத்தரிக்காய், கல்யாண வீட்டு நாற்காலிகள், ஒரு தடவை கால் முறிந்த சினைப்பசு என்று அது ஏற்றாத சுமை கிடையாது. காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருமுனை வரைக்கும் புகை போகும். எதிர்வீட்டுக்காரி துணி காயப்போடும் நேரம் பார்த்து எடுக்கிறோம் என்று அவளுக்கு எங்கள் மேல் நீண்ட நாள் கோபம்.

என் மகளின் சீர்வரிசையையும் அந்த வண்டிதான் கொண்டுபோனது. திண்டுக்கல் பக்கம் அவளைக் கொடுத்தோம். கட்டில், பீரோ, கிரைண்டர், அவளுடைய தையல் மிஷின் எல்லாவற்றையும் ஏற்றி, பம்பரில் ரிப்பன் கட்டி, என் வீட்டுக்காரர் தானே ஓட்டிக்கொண்டு போனார். வேறு டிரைவர் போடலாம் என்று சொன்னவர்களிடம், "எம்பொண்ணு சாமான நான்தான் எடுத்துக்கினு போவேன்" என்று சொல்லிவிட்டார். இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது காலி வண்டி தடதடவென்று ஆடிற்று. புதுச்சேரிப் பக்கம் எங்கள் பாகூர் வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு மாசி மாதத்தில் மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, நான் வந்துடறேம்மா."

"வாயேன். எத்தினி நாளு லீவு?"

"லீவு இல்லம்மா. ஒரேடியா."

அரிசி களைந்துகொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டு முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாப்பிள்ளை அவளோடு பேசுவதில்லையாம்.

"சண்டையா?"

"சண்ட போட்டாக்கூட அதுவும் பேச்சுதானம்மா. அதுவும் இல்ல. அவங்க அம்மாகிட்ட பேசறாரு, பிரெண்டுங்ககிட்ட சிரிச்சி பேசறாரு. எங்கிட்ட மட்டும் இல்ல. சாப்புட உக்காந்தா உப்பு வேணும்னு அவங்க அம்மாகிட்ட சொல்றாரு. அவங்க எங்கிட்ட சொல்றாங்க. கல்யாணம் ஆன கொஞ்ச நாள்ல இருந்தே இப்படித்தான். நானும் கேட்டேன், அழுதேன், கெஞ்சுனேன். சொவுரப் பாக்கற மாதிரி பாத்துட்டு போறாரு."

அடிக்கிறானா என்று கேட்டேன். இல்லை. குடியா? இல்லை. வேறு ஏதாவது தொடுப்பா? தெரிந்தவரை இல்லை. கஷ்டமே அங்கேதான் இருந்தது. அடி என்றால் ஊரில் காட்ட ஒரு காயம் இருக்கும். குடி என்றால் நாலு பேர் பார்த்திருப்பார்கள். இவளுக்கு நேர்ந்ததற்கு எங்கள் ஊரில் பெயரே கிடையாது. பேசவில்லையாம், அதற்காக வந்துவிட்டாளாம் என்று எதிர்வீட்டுக்காரி சொல்லப்போவது எனக்கு அப்போதே காதில் விழுந்தது. ஆனால் நான் அவளைப் பெற்றவள். தண்ணீர்க் குடத்தோடுகூடப் பேசிக்கொண்டே வருகிற பெண் அவள். அவளுக்கு அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"நீ கெளம்பி பஸ் ஏறுடி. சாமான அப்பறம் பாத்துக்கலாம்."

"மாட்டேன். பைய தூக்கிக்கினு பஸ்ல வந்தா கோவிச்சிக்கினு வந்துட்டான்னு சொல்லுவாங்க. நாலு நாள் கழிச்சி நீங்களே கூட்டியாந்து உட்டுடுவீங்க. நம்ம வண்டி வந்து வாசல்ல நிக்கணும். பட்டப்பகல்ல என் சாமான் ஏறணும். அப்பதான் போனது போனதுதான்னு அவங்களுக்கும் புரியும், எனக்கும் புரியும். அப்பாவ வண்டி எடுத்துக்கினு வர சொல்லும்மா."

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இதைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்த கை நின்றது. "சரி" என்றார். "பழைய வண்டி. தொலவு ஓட்டம். ஒருதபா முழுசா பாத்துட்டு கெளம்பிடலாம்."

கோபப்படுவார், வேண்டாம் என்பார் என்று நான் வரிந்து கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அவர் சரி என்று சொன்னதும் எனக்கு அவர் மேல் பெருமையாகக்கூட இருந்தது. அன்றைக்கே கடைக்குப் போய், கிளம்பும்போது டயருக்கு அடியில் வைக்க நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன்.

மெக்கானிக் ஷெட் தவளக்குப்பத்தில், கடலூர் ரோட்டுக் கடைகளுக்குப் பின்னால் இருக்கிறது. முதலில் என்ஜின் ஆயில் மாற்றினார்கள். ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டும் புதிது போட்டார்கள். வடித்த கறுப்பு ஆயிலை ஒரு டப்பாவில் வாங்கி வந்து, கரையான் ஏறாமல் இருக்க வேலி மூங்கிலுக்குப் பூசினார் என் வீட்டுக்காரர். அடுத்து பிரேக். சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தால் கட்டை தேய்ந்திருந்ததாம், மாற்றினார்கள். அது நியாயம்தான். சுமையோடு வரும் வண்டிக்குப் பிரேக் இல்லாவிட்டால் எப்படி? அடுத்து ரேடியேட்டர் ஓஸ். அதுவும் சரி. வழியில் கொதித்து நின்றால் யார் வருவார்கள்?

மகள் தினமும் சாயந்தரம் போன் செய்வாள். போன் அடித்ததும் என் வீட்டுக்காரருக்குக் கொல்லையில் ஏதாவது வேலை வந்துவிடும். நான்தான் பேசுவேன்.

"இன்னாம்மா, வண்டிக்கு டீசல் போட்டாச்சா?" என்று ஆரம்பிப்பாள்.

"இன்னிக்கி பிரேக்கு பாத்தாங்கடி."

"சரிம்மா."

மறுநாளும் அதே கேள்வி. "டீசல் போட்டாச்சாம்மா?"

"பேன் பெல்ட்டு மாத்திக்கினு வந்தாரு."

கிளம்பும் நாளைத்தான் அவள் அப்படிக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். போகப்போக அவளே பார்ட் பெயரெல்லாம் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் சிரித்தபடி, "அம்மா, அந்த வண்டியில இன்னும் மாத்தாத பார்ட்டுன்னு ஏதாவது பாக்கி இருக்குதா?" என்றாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தியது.

முதலில் வாங்கின எலுமிச்சம்பழங்கள் காய ஆரம்பித்தன. எலுமிச்சை சாதம் கிளறினேன். இன்னும் நாலு வாங்கினேன். அதுவும் காய்ந்தது. ரசத்துக்குப் பிழிந்தேன். என் வீட்டுக்காரரோ ஹீட்டர் பிளக் மாற்ற வேண்டும் என்று நின்றார். குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கான சாமான் அது. "நாம இன்னா ஊட்டிக்கா போறோம்?" என்று கேட்டேன். அவர் ஷெட்டுக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த நாள் பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் ஏதோ கீச்சென்று சத்தம் வருகிறது என்றார். நான் வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஏரிக்கரை வரை போய் வந்தேன். எனக்கு ஒரு கீச்சும் கேட்கவில்லை.

கடைசியில் மெக்கானிக்கே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நான் கூடப் போயிருந்த நாள் அது. "அண்ணே, இதுக்கு மேல பாக்கணும்னா நீங்க புது வண்டிதான் வாங்கணும். எடுத்துக்கினு போங்க. அக்கா, நீங்களாவது சொல்லுங்க" என்றார். வண்டி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் அவர் வெளியே போயிருந்த நேரம், வண்டியின் உள்ளே துடைக்கலாம் என்று ஈரத்துணியோடு ஏறினேன். டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. கண்ணாடி, டாஷ்போர்டு, சாமி படம் எல்லாம் துடைத்துவிட்டு, சும்மா ஒரு ஆசைக்குச் சாவியை அரைத் திருப்பு திருப்பினேன். சிவப்பு விளக்குகள் எரிந்தன. டீசல் முள் மட்டும் அசையவில்லை. கீழே, சிவப்புக் கோட்டின் மேல் படுத்துக் கிடந்தது.

இதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியில் டீசல் விலை குறைவு. எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு குறுக்கே வந்துவிடும், அங்கே விலை ஏறிவிடும். ஆகவே வெளியூர்ப் பயணம் என்ற பேச்சு எடுத்த உடனே எங்கள் ஆட்கள் செய்கிற முதல் வேலை டேங்கை ரொப்புவதுதான். துணி எடுத்துவைப்பது, சாமி கும்பிடுவது எல்லாம் அப்புறம். கடலூரிலிருந்து விருந்துக்கு வருகிற சொந்தக்காரர்கள்கூட, வந்ததே டீசலுக்குத்தானோ என்று தோன்றும்படி ரொப்பிக்கொண்டுதான் திரும்புவார்கள். என் வீட்டுக்காரர் இதில் ஊருக்கே அண்ணன். திருப்பதி போகலாம் என்று நான் வாய் திறந்த சாயந்தரமே டேங்கும் ரொம்பியிருந்தது, இரண்டு கேனும் ரொம்பியிருந்தது. திருப்பதிக்கு நாங்கள் போனது அடுத்த வாரம்தான்.

அந்த மனிதர் என்ஜினிலிருந்து சக்கரம் வரைக்கும் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார். ஒரு சொட்டு டீசல் போடவில்லை. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இதையேதான் என் மகள் தினமும் சாயந்தரம் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளும் இந்த ஊர்ப் பெண்தானே. அவளுக்கு அப்பாவைத் தெரிந்திருக்கிறது. கூடவே இருக்கிற எனக்குத்தான் தெரியவில்லை.

அவர் வந்தார். கையில் ஒரு பாக்கெட். புது வைப்பர். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லாத மாதத்தில் வைப்பர்.

"ஏங்க, டீசல் போடலயா?"

"போடணும்."

"எப்ப?"

அவர் வைப்பரின் மேல் கவரைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் பாத்தீங்க. டீசல மட்டும் ஏன் போடல?"

"போட்டா கெளம்பணும்ல" என்றார்.

பொய் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்டார். அவரே மேலே பேசினார். தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"சம்பந்தி போன் பண்ணாரு. மாப்ள பேசறன்னு சொல்லியிருக்காராம். ரெண்டு நாளு பொறுங்க, வண்டிய மட்டும் அனுப்பிடாதீங்க, வண்டி வந்து நின்னா தெருவே பாத்துடும்னாரு. அதான்."

"யாரு, அந்த மாப்ளயா பேசுவாரு?" எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "யோவ், அவன் பேசலன்னுதானேயா அவ வரேன்றா. அவன் பேசுவான்னு நீ வாசல்ல உக்காந்துக்கினு இருக்கற?"

"கத்தாத."

"கத்துவேன். அவன உடு. இத்தினி நாள்ல நீ பேசுனியா அவகிட்ட? தெனம் சாயந்தரம் போன் அடிக்குது. தெனம் எழுந்து கொல்லைக்கி போற. அங்க ஒருத்தன் வாய மூடிக்கினு இருக்கான்னுதான் இங்க வரேன்றா. இங்கயும் ஒருத்தன் அப்படித்தான் இருக்கான்னு அவளுக்குத் தெரியாதா?"

அவர் வைப்பரை பானெட் மேல் வைத்துவிட்டு வயல் பக்கம் நடந்து போனார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட திருப்தி எனக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்று நடுங்குகிற ஆளும் இல்லை. தன் கையால் ஓட்டிப்போய்ச் சேர்த்துவிட்டு வந்ததை, தன் கையாலேயே ஓட்டிப்போய் முடித்துவைக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு முடியவில்லை. வண்டியில் எது கெட்டாலும் கழற்றிப் பார்த்து மாற்றிப் பழகின மனிதர். இதில் எதைக் கழற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

பாவம் என்று நினைத்ததற்காக நான் சும்மா இருந்துவிடவில்லை. பவர் டில்லருக்காக வயல் மோட்டார் கொட்டகையில் எப்போதும் டீசல் வாங்கி வைத்திருப்போம். பொழுது சாய்வதற்குள் போய் அந்தக் கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். புனலை வைத்து டேங்கில் ஊற்றினேன். அவர் திரும்பி வந்து வீட்டுக்குள்தான் இருந்தார். டீசல் களக் களக் என்று இறங்குகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். வெளியே வரவில்லை. அன்று மகள் போன் செய்து கேட்டபோது, "போட்டாச்சிடி" என்றேன். அவள், "அப்பாவா போட்டாரு?" என்று கேட்டாள். "யாரு போட்டா இன்னா? நாளைக்கி காலைல கெளம்பறோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

விடிந்தபோது அவர் குளித்து வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். "நீதான் ஊத்திட்டியே, கெளம்பு" என்றார். அந்தக் குரலில் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போகிற பிள்ளையின் முறைப்பு இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், வண்டி நகர்ந்தால் சரி என்று மூன்றாவது தடவையாக வாங்கியிருந்த எலுமிச்சம்பழங்களை டயருக்கு அடியில் வைத்தேன். ஏறி நசுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

வில்லியனூர் தாண்டி விழுப்புரம் ரோட்டில் ஏறினோம். எல்லைக்கு முன்னால் கடைசியாக வருகிற பங்க்கில் மீதி டேங்கை ரொப்பிக்கொள்வது என்பது ஏற்பாடு. திருபுவனைக்குப் பக்கத்தில் கம்பெனி ஆட்கள் பைக்கிலும் பஸ்ஸிலும் ஷிஃப்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அங்கே வந்ததும் வண்டி ஒரு வெட்டு வெட்டியது. இன்னொரு வெட்டு. பிறகு மூச்சு வாங்கி ஓரமாக நின்றுவிட்டது. தூரத்தில் அந்தப் பங்க்கின் போர்டு கண்ணுக்குத் தெரிந்தது.

அவர் இறங்கி பானெட்டைத் தூக்கினார். டீசல் ஃபில்டருக்கு அடியிலிருக்கும் திருகைத் தளர்த்தி, வடிந்ததை உள்ளங்கையில் பிடித்து வெயிலில் காட்டினார். டீசலுக்கு நடுவே தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

"எந்தக் கேன்ல இருந்து ஊத்துன?"

"கொட்டகையில இருந்தது."

"மூடி ஒடஞ்சதா?"

"பாலிதீன் கவர் போட்டு கட்டியிருந்துது."

"ஐப்பசி மழத் தண்ணி" என்றார். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் தேவலை. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வாங்கிச் சேர்த்துவைக்கிற எங்கள் ஊர்ப் புத்திக்கு இது வேண்டும் என்று நினைத்தேன். இல்லாத கீச்சையெல்லாம் தேடித்தேடிக் கண்டுபிடித்த மனிதருக்கு, ஒரு நிஜக் கோளாறை நானே என் கையால் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். மெக்கானிக்குக்குப் போன் போட்டால் போதும், வண்டி திரும்பவும் ஷெட்டுக்குப் போய்விடும். தப்பு என் மேல் என்று தெரிந்தும் என் வாய் அடங்கவில்லை. "போடுங்க போன. கட்டி இழுத்துக்கினு போவட்டும். இப்ப உங்களுக்கு சந்தோஷம்தானே?" என்றேன்.

அந்த நேரம் டாஷ்போர்டின் மேலிருந்த என் போன் அடித்தது. மகள்தான். எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்கத்தான். என்னால் எடுக்க முடியவில்லை. எடுத்து என்ன சொல்வது? நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அடித்து அடித்து ஓய்ந்தது.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் ஓய்ந்துபோன அந்தப் போனைப் பார்த்தார். பிறகு வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் பக்கவாட்டுக் கண்ணாடியில் மாட்டினார். பின்னாலிருந்து ஒரு கோணிச் சாக்கை இழுத்துத் தரையில் விரித்து, வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார்.

"கேன குடு" என்று அடியிலிருந்து சத்தம் வந்தது. டீசல் ஊற்றிவிட்டு நான் வண்டியின் பின்னால் போட்டிருந்த அந்த மூடி உடைந்த கேனைக் கொடுத்தேன். டேங்கின் அடித்திருகைக் கழற்றி, இருந்ததையெல்லாம் அதில் வடித்தார். "சீட்டுக்கு பின்னால ஒரு சுத்தமான கேனு இருக்குது பாரு. பங்க்குல வாங்கியா."

பட்டுப்புடவையும் கேனுமாக நான் விழுப்புரம் ரோட்டோரம் நடந்தேன். கம்பெனிக்குப் போகிற ஒரு தம்பி பைக்கை நிறுத்தி, "எங்கம்மா இப்படி? ஏறுங்க" என்று ஏற்றிக்கொண்டு போய், வாங்கும்வரை நின்று, திரும்பவும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது. ஷிஃப்டுக்கு நேரமாகியிருக்கும். நான் பெயர்கூடக் கேட்கவில்லை.

நல்ல டீசலை ஊற்றினாலும் வண்டி உடனே கிளம்பாது. குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஃபில்டரின் மேல் கட்டைவிரலால் அமுக்குகிற சின்ன பம்ப் ஒன்று இருக்கிறது. அதை என்னை அமுக்கச் சொல்லிவிட்டு, அவர் ஸ்பானரோடு ஒரு திருகின் பக்கம் குனிந்தார். "அமுக்கு. அமுக்கு. நிறுத்தாத." நுரை நுரையாக வந்தது. விரல் மரத்துப்போகும்வரை அமுக்கினேன். நுரை குறைந்து, குமிழி குறைந்து, கடைசியில் சுத்தமான டீசல் இழையாக வந்தது. "போதும்" என்று திருகை இறுக்கினார். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் சேர்ந்து எத்தனையோ வேலை செய்திருக்கிறோம். ஆனால் அன்றைக்கு அந்தப் பானெட்டுக்கு அடியில் தலையோடு தலை இடிக்க நின்றபோதுதான், இவர் என் பக்கம் வந்துவிட்டார் என்று எனக்குப் பட்டது.

சாவியைத் திருப்பினார். இழுத்தது, இருமியது, வெள்ளையாகப் புகை கக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டுக்காரி தினமும் திட்டுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் ரோட்டோரத்தில் நின்று அழுதேன்.

பங்க்கில் எங்களுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. எல்லாம் எல்லை தாண்டப்போகிற வண்டிகள். எங்கள் முறை வந்ததும் இவர் தலையை வெளியே நீட்டி, "ஃபுல்" என்றார். இறங்கி, டேங்க் ரொம்பி வழிகிற மட்டும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு காலியாயிருந்த அந்த நல்ல கேனை எடுத்து வைத்து, "இதுலயும் ரொப்பு" என்றார்.

"டேங்குதான் ரொம்பிடிச்சே. அது எதுக்குங்க?"

"திரும்பி வரதுக்கு. அங்க வெல ஜாஸ்தி."

பங்க்கைத் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தினார். கழிவுத் துணியில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி, "போன குடு" என்றார்.

மகளின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கிக் கொடுத்தேன். முதல் மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள். "அம்மா, இன்னாம்மா ஆச்சி? ஏன் எடுக்கல?"

"பாப்பா, அப்பா பேசறேன்."

அவர் போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நான்தாம்மா. டீசல் போட்டாச்சி. அப்பாதான் போட்டேன். ஃபுல்லா போட்டுட்டேன். உன்ன கூட்டிக்கினு திரும்பி வரதுக்கும் சேத்து கேன்ல புடிச்சிட்டேன்."

அவள் பேசவே இல்லை. பேச்சு நிற்காத என் பெண்ணிடமிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. அவர் போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு, விட்டுவிட்டால் எங்கே துண்டித்துவிடுமோ என்பதுபோல் பிடித்திருந்தார். வெகுநேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கேட்டாள்.

"பழைய வண்டியாச்சே. இவ்ளோ தொலவு தாங்குமாப்பா?"

"வண்டிக்கு இன்னா பாப்பா, அது நல்லாத்தான் இருக்குது" என்றார் என் வீட்டுக்காரர். "நீ சாமான எடுத்து வெய்யி."